பைக்கை லோடு வண்டியில் ஏற்றும்போது அலாரத்தை என்ன செய்வது?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடையது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 2022 மாடல். வெளியில் ஒரு கடையில் ரிமோட் செக்யூரிட்டி அலாரம் போட்டிருக்கிறார். போன வருடம் கோயம்புத்தூரிலிருந்து ஊருக்கு டிரெய்லரில் பைக்கைக் கொண்டுவந்தபோது வழியெல்லாம் விட்டு விட்டு அலறியிருக்கிறது. வீட்டில் இறக்கினால் பேட்டரி சுத்தமாக இறங்கிப் போயிருந்தது. இப்போது வேலை சென்னைக்கு மாறிவிட்டது, மறுபடியும் பைக்கை ஏற்றி அனுப்ப வேண்டும். அலாரத்தை நிறுத்திவிட்டால் பாதுகாப்பு போய்விடாதா, பேட்டரி வயரைக் கழற்றலாமா, கழற்றினால் பைக்கின் கம்ப்யூட்டருக்கு ஏதாவது ஆகுமா என்று மூன்று கேள்விகள்.

கும்பகோணத்தில் இருபது வருடத்துக்கு மேலாக டூவீலர் வயரிங் வேலைதான் பார்க்கிறேன். இந்த அலாரங்களை நூற்றுக்கணக்கில் மாட்டியிருக்கிறேன், அதே அளவுக்குக் கழற்றியும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. பைக் லோடு வண்டியின் மேல் போகும் நேரத்தில் அலாரத்தின் மின்சாரத்தையே துண்டித்துவிடுங்கள். ரிமோட்டில் அன்லாக் செய்தால் போதாது, சைலண்ட் பட்டனை அழுத்தினாலும் போதாது. ஓடுகிற வண்டியில் அந்த அலாரம் உங்கள் பைக்கைக் காப்பாற்றாது. பாதுகாப்புக்கு வேறு வழிகள் இருக்கின்றன, பின்னால் சொல்கிறேன். ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

சீட்டுக்கு அடியில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதே, அதற்குள்தான் அதிர்வைப் பிடிக்கும் சென்சார் இருக்கிறது. மலிவான கிட்டுகளில் ஒரு மெல்லிய ஸ்பிரிங், அதன் நடுவே ஒரு கம்பி, அவ்வளவுதான். பைக் ஆடினால் ஸ்பிரிங் கம்பியைத் தொடும், பெட்டிக்குச் செய்தி போகும். கொஞ்சம் நல்ல கிட்டுகளில் அழுத்தம் பட்டால் மின்சாரம் தரும் பீசோ வில்லை இருக்கும். தெருவில் நிற்கும் பைக்கை ஒருவன் தொடுகிறானா, தள்ளுகிறானா என்று பார்ப்பதுதான் இதன் வேலை. நம் ரோட்டில் ஓடும் லோடு வண்டியின் மேல் நிற்கும்போது நொடிக்கு நொடி ஆயிரம் பேர் தொடுவதாகவே அதற்குத் தோன்றும். சென்சிட்டிவிட்டியைக் குறைத்து வைத்தால் போதுமா என்று சிலர் கேட்பார்கள். ஒரு வேகத்தடை வந்தால் குறைத்து வைத்திருந்தாலும் கத்தும்.

சாய்வைப் பார்க்கும் சென்சார் உள்ள விலை கூடிய அலாரங்களில் சிக்கல் வேறு மாதிரி. அலாரம் போட்ட நேரத்தில் பைக் எந்தக் கோணத்தில் நின்றதோ அதை அது நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு சில டிகிரி மாறினால் யாரோ தூக்குகிறார்கள் என்று அலறும். வண்டி வளைவில் திரும்பும்போது பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும் விசையையும், நிஜமாகவே சாய்வதையும் அந்தச் சென்சாரால் பிரித்துப் பார்க்க முடியாது. புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் வந்தாலே பதினோரு டிகிரி சாய்ந்ததாக அதற்குப் படும். ஆற்றுப் பாலத்தில் ஏறி இறங்கி, உடனே வளையும் ரோடுகள்தானே நம்மூரில் அதிகம். பைக்கை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அங்கே அது சும்மா இருக்காது.

சரி, கத்தினால் கத்தட்டும், காது வலிக்கும், அவ்வளவுதானே என்றால் அதுவும் இல்லை. உங்கள் பேட்டரி ஏன் இறங்கியது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். அலாரம் அடிக்கும்போது நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும். ஒவ்வொன்றும் 10 வாட் பல்பு, நான்கும் சேர்ந்து 40 வாட். 12 வோல்ட்டில் அது 3.3 ஆம்பியர். பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைவதால் சராசரியாக 1.6 ஆம்பியர் என்று வையுங்கள். கிட்டோடு வரும் சின்ன சைரன் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆக, அடிக்கிற நேரத்தில் இரண்டு ஆம்பியருக்கு மேலேயே போகிறது. உங்கள் பைக்கின் பேட்டரி 8 ஆம்பியர் அவர் (Ah), அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் எட்டு மணி நேரம் வரும். ஏழு மணி நேரப் பயணத்தில் பாதி நேரம் அடித்தாலும் 7 ஆம்பியர் அவர் தீர்ந்துவிடும். இன்ஜின் ஓடவில்லை, சார்ஜும் ஏறவில்லை. கோயம்புத்தூர் ரோட்டில் நடந்தது இதுதான். உங்கள் பேட்டரியில் குறை எதுவும் இல்லை.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, சைரனைவிட இண்டிகேட்டர் பல்புகள்தான் அதிகம் தின்கின்றன. ரிமோட்டில் மணியில் கோடு போட்ட மாதிரி ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பல கிட்டுகளில் சத்தம் மட்டும்தான் நிற்கும், விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். பகல் வெயிலில் டிரைவரும் கவனிக்க மாட்டார். சத்தம் இல்லையே என்று நிம்மதியாக இருப்போம், பேட்டரி பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். ஸ்ப்ளெண்டர் மாதிரி சின்ன பேட்டரி உள்ள வண்டியாக இருந்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. பழைய புல்லட் என்றால் கிக்கர் இருந்தது, மிதித்துக் கிளப்பிவிடலாம். 2021-க்குப் பிறகு வந்த கிளாசிக்கில் கிக்கரே கிடையாது. தள்ளிக் கிளப்பலாம் என்றாலும், பெட்ரோலை இன்ஜெக்டருக்கு அனுப்பும் பம்ப் ஓடவே மின்சாரம் வேண்டும். பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் கிளம்பாது.

அன்லாக் செய்துவிட்டு ஏற்றினால் என்ன என்ற கேள்விக்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளரின் புல்லட்டை வேலை முடித்து நாகப்பட்டினத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மறுநாள் விடிகாலை அவருக்கு வண்டி தேவை என்பதால் ராத்திரியே ஒரு குட்டியானையில் ஏற்றி நானும் கூடப் போனேன். ரிமோட்டில் அன்லாக் செய்துவிட்டுத்தான் ஏற்றினேன், அது நன்றாக நினைவிருக்கிறது. திருவாரூர் தாண்டி, கீழ்வேளூருக்கு முன்னால் ஒரு கிராமத்தில் ரோட்டோரம் வண்டியை நிறுத்தினோம். டிரைவர் இறங்கிக் கயிற்றை இழுத்துப் பார்த்ததும் சைரன் பிய்த்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தது. மணி ராத்திரி பன்னிரண்டு இருக்கும். ரிமோட் எங்கேயோ பையின் அடியில். நான் தேடி எடுப்பதற்குள் இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். குட்டியானையின் மேல் கட்டிவைத்த புல்லட் அலறுகிறது, பக்கத்தில் இரண்டு பேர் தடுமாறிக்கொண்டு நிற்கிறோம். அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? நினைத்தது நியாயமும்கூட. என் கையில் ஆர்சி நகல்கூட இல்லை. உரிமையாளருக்குப் போன் போட்டு, அவர் தூக்கத்திலிருந்து எழுந்து அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பேசிய பிறகுதான் விட்டார்கள்.

அன்லாக் செய்த அலாரம் எப்படி அடித்தது என்று மறுநாள் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். அந்தக் கிட்டில் ரிமோட்டால் திறந்துவிட்டு அரை நிமிடத்துக்குள் சாவியைப் போட்டு ஆன் செய்யாவிட்டால், பெட்டி தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். பாக்கெட்டில் ரிமோட் தவறுதலாக அழுந்தித் திறந்துவிட்டால் பைக் பாதுகாப்பு இல்லாமல் நிற்கக் கூடாது என்று வைத்த நல்ல ஏற்பாடுதான் அது. நாம் அன்லாக் செய்து, பலகை போட்டுத் தள்ளி ஏற்றிக் கயிறு கட்டுவதற்குள் அது சத்தமில்லாமல் பூட்டிக்கொண்டுவிடும். உங்கள் கிட்டில் இது இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. அன்லாக் செய்து, சாவியைத் தொடாமல் ஒரு நிமிடம் காத்திருந்து சீட்டைத் தட்டுங்கள். கத்தினால் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் சாவியை ஆன் செய்தே வைத்துவிடலாமே என்று ஒருவர் எனக்கே யோசனை சொன்னார். அதைச் செய்யவே செய்யாதீர்கள். சாவி ஆனில் இருந்தால் மீட்டர், பைலட் விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி அதிலேயே தீர்ந்துவிடும். போதாததற்கு சாவியும் பைக்கிலேயே தொங்கும்.

இனி உங்கள் பைக்குக்கு வருகிறேன். அலாரப் பெட்டியிலிருந்து பேட்டரியின் பிளஸ் முனைக்குப் போகும் சிவப்பு வயரைத் தேடிப் பிடியுங்கள். ஒழுங்காக மாட்டியிருந்தால் அந்த வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் கூடு இருக்கும். சாவி ஆஃபில் இருக்கட்டும், அலாரத்தை அன்லாக் செய்துவிட்டு உடனே அந்த ஃபியூஸைப் பிடுங்கிவிடுங்கள். அவ்வளவுதான். பைக்கின் மற்ற எதற்கும் பாதிப்பு இல்லை. பிடுங்கிய ஃபியூஸை ஒரு துண்டு டேப் போட்டு அந்த வயரிலேயே ஒட்டி வைத்துவிடுங்கள். பாக்கெட்டில் போட்டால் சென்னையில் இறக்கும்போது கட்டாயம் கிடைக்காது.

ஃபியூஸே இல்லாமல் சிவப்பு வயரை நேராக பேட்டரியில் முறுக்கிவிட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த வயர் சீட்டுக்கு அடியில் ஃபிரேமில் உரசி, மேல் தோல் தேய்ந்து இரும்பில் பட்டால் தீப்பிடிக்கும். ஃபியூஸ் மட்டும்தான் அதைத் தடுக்கும். கிட்டில் போட்டிருக்கும் அளவிலேயே ஒரு ஃபியூஸும் கூடும் வாங்கிப் போட்டால் நூறு ரூபாய்க்குள் முடியும். அதோடு சேர்த்து, அந்த வயரில் சீட்டுக்கு அடியில் மறைவாக ஒரு சின்ன சுவிட்சும் போடச் சொல்லுங்கள். சர்வீஸ் விடும்போதும், ஏற்றி அனுப்பும்போதும், அலாரம் கோளாறு செய்யும்போதும் சீட்டைத் தூக்கித் தட்டிவிட்டால் போதும். நான் மாட்டும் எல்லா அலாரத்திலும் கேட்காமலேயே இதைப் போட்டுவிடுவேன்.

பேட்டரி வயரையே கழற்றலாமா என்றால், கழற்றலாம். உங்கள் பைக்கின் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது. மீட்டரில் மணி மாறிப்போகும். திரும்ப மாட்டிக் கிளப்பியதும் சில வண்டிகளில் ஐடிலிங் கொஞ்ச நேரம் ஏறி இறங்கும், தானாகச் சரியாகிவிடும். சாவியில் சிப் இருக்கும் இம்மொபிலைசர் வண்டியாக இருந்தாலும் பயப்பட வேண்டாம், பேட்டரியைக் கழற்றியதால் சாவி மறந்துபோகாது. செய்யும் முறை மட்டும் முக்கியம். சாவியை ஆஃப் செய்து ஒரு நிமிடம் விடுங்கள். மைனஸ் முனையை, அதாவது கறுப்பு வயரை, முதலில் கழற்றுங்கள். பிளஸை முதலில் கழற்றப் போனால் ஸ்பேனர் ஃபிரேமில் பட்டுப் பொறி பறக்கும். மைனஸைக் கழற்றிவிட்ட பிறகு ஸ்பேனர் ஃபிரேமில் பட்டாலும் ஆபத்தில்லை. உண்மையில் மைனஸ் ஒன்றைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி ஒதுக்கி வைத்தாலே போதும், பிளஸைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

பைக் இரண்டு மூன்று வாரம் குடோனிலோ அபார்ட்மெண்ட் கீழ்த்தளத்திலோ நிற்கப்போகிறது என்றால் ஃபியூஸைப் பிடுங்குவதைவிட மைனஸைக் கழற்றுவதே நல்லது. சும்மா காத்திருக்கும் அலாரம் 10 மில்லி ஆம்பியர் எடுத்தால்கூட ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர் அவர். ஒரு மாதத்தில் 7-ஐத் தாண்டிவிடும். ஒருமுறைகூட கத்தாமலே பேட்டரி இறங்கிவிடும்.

பேட்டரியைக் கழற்றும் முன்னால் உங்கள் சைரனுக்குள் தனி பேட்டரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருடன் வயரை வெட்டினாலும் கத்த வேண்டும் என்று சில சைரன்களுக்குள்ளேயே சார்ஜ் ஏறும் பேட்டரி வைத்திருப்பார்கள். அந்த மாதிரி சைரனின் பின்பக்கம் ஒரு சின்னச் சாவித் துவாரம் இருக்கும். அலாரத்தை அன்லாக் செய்யாமல் வயரைக் கழற்றினால் அதற்கு அது திருட்டு. அதன் பேட்டரி தீரும்வரை கத்தும், ரிமோட்டை அழுத்தினாலும் கேட்காது. அதனால் முதலில் அன்லாக், பிறகு சைரனின் சாவியால் ஆஃப், அதற்குப் பிறகுதான் வயர். அந்தக் குட்டிச் சாவி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடிவிடுங்கள். மாட்டிய அன்று பில்லோடு சேர்த்து ஒரு கவரில் கொடுத்திருப்பார்கள்.

கம்பெனியே அலாரம் பொருத்திக் கொடுக்கும் பெரிய வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. ஹார்லி டேவிட்சனில் டிரான்ஸ்போர்ட் மோட் என்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் அசைவுச் சென்சார் மட்டும் தூங்கும், மற்ற பூட்டெல்லாம் அப்படியே இருக்கும். ரிமோட் பக்கத்தில் இல்லாமல் யாராவது கிளப்பப் பார்த்தால் மட்டும் அலாரம் அடிக்கும். பிஎம்டபிள்யூவின் அலாரத்தையும் அசைவுச் சென்சார் இல்லாமல் போட முடியும். போடும் முறை மாடலுக்கு மாடல் மாறும், வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துச் செய்யுங்கள். ஹார்லியில் அது ஒருமுறைக்கு மட்டும்தான். வழியில் சாவியைப் போட்டு எடுத்துவிட்டால் மறுபடி போட வேண்டும். ஏத்தர், ஐக்யூப் மாதிரி மின்சார ஸ்கூட்டர்களில் வண்டியை யாரோ இழுத்துப் போகிறார்கள் என்று உங்கள் போனுக்குச் செய்தி வரும். அதை நிறுத்தாதீர்கள், வரட்டும். வண்டி எங்கே போகிறது என்று பார்க்க அதுவே வழி. வண்டி விழுந்தால் வீட்டாருக்குத் தானாகச் செய்தி அனுப்பும் வசதி இருந்தால் மட்டும் அதை ஆஃப் செய்யுங்கள், அல்லது வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஸ்கூட்டரை ஏற்றும்போது ஒரு பக்கம் சரிந்தால் அம்மாவுக்கு விபத்துச் செய்தி போய், அவர் பதறிப்போவார்.

ரிமோட்டையும் மறக்காதீர்கள். டிரைவர் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் பைக் உங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டடியில் இருக்கும். பாக்கெட்டில் ரிமோட் அழுந்தினால் லாக் ஆகிவிடும். ஃபியூஸைப் பிடுங்கியிருந்தால் கவலை இல்லை. கம்பெனி அலாரத்தை டிரான்ஸ்போர்ட் மோடில் போட்டுவிட்டு வருபவர்கள் ரிமோட்டை ஒரு டப்பாவில் வைத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. அலாரம் இல்லாத பைக்கை யார் காப்பது? கட்டுகிற விதமும் சங்கிலியும் ஆர்சியும்தான். ஓடுகிற வண்டியிலிருந்து யாரும் 195 கிலோ பைக்கை இறக்கிக்கொண்டு போக முடியாது. ஆபத்து இருப்பது வண்டி நிற்கும் இடங்களில்தான். அங்கேயும் முழு பைக்கைவிட பை, ஹெல்மெட், கண்ணாடி, பேட்டரி என்று சில்லறையாகப் போவதே அதிகம். கழற்ற முடிந்ததைக் கழற்றி வீட்டுச் சாமானோடு மூட்டை கட்டிவிடுங்கள். ஒரு நல்ல இரும்புச் சங்கிலியை முன் சக்கரத்தின் ஆரங்களுக்குள் விட்டு, லோடு வண்டியின் பக்கக் கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். டிஸ்க் லாக்கை மட்டும் வண்டியில் இருக்கும்போது போடாதீர்கள். இறக்கும் அவசரத்தில் மறந்து சக்கரத்தை உருட்டினால் டிஸ்க்கும் காலிபரும் கெட்டுப்போகும். அலாரம் வைத்த டிஸ்க் லாக் என்றால் அதுவும் வழியெல்லாம் கத்தும். ஹேண்டில் லாக்கும் வேண்டாம். ஹேண்டில் நேராக இருந்தால்தான் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுத்துக் கட்ட முடியும்.

கட்டுவதில் ஒரு நான்கு விஷயம். சைடு ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டாதீர்கள், ஒவ்வொரு குழியிலும் மொத்த எடையும் அந்த ஒற்றைக் காலில் இறங்கும். முதல் கியரில் போட்டு, முன் சக்கரத்தை முன்பலகையில் முட்டவைத்து, நேராக நிறுத்துங்கள். முன்பக்கக் கட்டு ஹேண்டில் பாரில் வேண்டாம், அதற்குக் கீழே ஃபோர்க்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புப் பகுதியில் போட்டு, ஃபோர்க் பாதியளவு அமுங்கும்வரை இரண்டு பக்கமும் இழுங்கள். அதற்கு மேல் அமுக்கினால் ஆயில் சீல் பாழாகும். பின்பக்கம் ஃபிரேமிலேயே கட்டுங்கள். ராட்செட் பெல்ட் கிடைத்தால் அதுதான் சிறப்பு. நைலான் கயிறு என்றால் இழுபடும். புறப்பட்டு இருபது கிலோமீட்டரில், கும்பகோணம் வருவதற்கு முன்பாகவே ஒருமுறை நிறுத்தி இழுத்துப் பாருங்கள், கட்டாயம் தளர்ந்திருக்கும். கயிறு படும் இடத்தில் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிவிட்டால் பெயிண்ட் போகாது. தார்ப்பாய் போட்டு மூடினால் படபடக்காதபடி ஒட்டக் கட்டுங்கள். காற்றில் அடிக்கும் தார்ப்பாய் டேங்கில் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பையே எடுத்துவிடும்.

ஆர்சி, இன்சூரன்ஸ் நகல், உங்கள் அடையாள அட்டை நகல், இன்னார் பைக்கை இன்ன ஊருக்குக் கொண்டுபோகிறார் என்று நீங்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம், நான்கும் டிரைவரிடம் இருக்கட்டும். நீங்களே கூடப் போனால் டிஜிலாக்கரில் இருக்கும் ஆர்சியைக் காட்டலாம். சேத்தியாத்தோப்பு, பண்ருட்டி, விக்கிரவாண்டி என்று ராத்திரியில் போகும்போது எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்பார்கள், கேட்க வேண்டும்தானே. கீழ்வேளூர் ராத்திரிக்குப் பிறகு கையில் காகிதம் இல்லாமல் எந்த வண்டியையும் நான் ஏற்றியதில்லை.

செலவு செய்ய முடிந்தால் உள்பேட்டரி உள்ள ஒரு ஜிபிஎஸ் கருவி போடுங்கள். மைனஸைக் கழற்றியதும் மின்சாரம் துண்டிக்கப்பட்டது என்று போனுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டு, தன் பேட்டரியில் அது தொடர்ந்து வேலை செய்யும். அதில் அதிர்வு அறிவிப்பை மட்டும் நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் சென்னை சேர்வதற்குள் போனில் நூறு செய்தி வந்து விழும். ஒரு உண்மையான செய்தி வந்தாலும் அந்தக் கூட்டத்தில் கண்ணில் படாது.

உங்கள் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை, ஆனாலும் டெல்டாக்காரர்களுக்காக ஒன்று. ஐப்பசி கார்த்திகை மழையில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் ஏறும்போது டிராக்டர் டிரெய்லரைக் கொண்டுவந்து தெருவில் உள்ள பைக்குகளை எல்லாம் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோவது நம்மிடம் உண்டு. பல டிரெய்லர்களில் ஸ்பிரிங்கே கிடையாது, எல்லா அலாரமும் சேர்ந்து அலறும். அந்த அவசரத்தில் வேறு எதையும் பார்க்காதீர்கள், சீட்டைத் தூக்கி ஃபியூஸைப் பிடுங்குங்கள். அலாரப் பெட்டி தண்ணீரில் நனைந்திருந்தால் மழை விட்டதும் ஆசையாக ஃபியூஸைப் போட்டுவிடாதீர்கள். பெட்டியைக் கழற்றி நிழலில் இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு, இணைப்புகளில் பச்சை பிடித்திருந்தால் சுரண்டித் துடைத்த பிறகு போடுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புக் காற்றுக்கு வருடம் ஒருமுறை இதைச் செய்தே ஆக வேண்டும். காரணமில்லாமல் கத்துகிறது என்று அங்கிருந்து என்னிடம் வரும் அலாரங்களில் முக்கால்வாசி, பச்சை பிடித்த வயர்தான்.

ரயிலில் அனுப்ப நினைத்தால், தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ பார்சல் அலுவலகத்தில் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். டேங்கில் பெட்ரோல் இருக்கவே கூடாது. ஆர்சி நகலும் அடையாள அட்டையும் கேட்பார்கள், சாக்குச் சுற்றிக் கட்ட வேண்டும். நீங்கள் அதே ரயிலில் டிக்கெட் எடுத்துப் போனால் லக்கேஜ், இல்லாவிட்டால் பார்சல். இரண்டிலும் வழியில் பைக்கின் பக்கத்தில் போக முடியாது, ரிமோட் எட்டாது. அதனால் ரயில் என்றால் மைனஸ் வயரைக் கழற்றியே ஆக வேண்டும்.

சென்னையில் இறக்கும்போது சங்கிலியை முதலில் எடுங்கள், கட்டைக் கடைசியில் அவிழுங்கள். ரிமோட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, சாவி ஆஃபில் இருக்கும்போதே ஃபியூஸையோ மைனஸ் வயரையோ மாட்டுங்கள். மின்சாரம் கிடைத்ததும் சில பெட்டிகள் பூட்டிய நிலையிலேயே விழிக்கும், ஒரு கத்து கத்தும். அன்லாக் அழுத்தினால் நின்றுவிடும். ரிமோட்டை மறுபடி பழக்க வேண்டியதில்லை, பெட்டிக்கு அது நினைவிருக்கும். பைக்கைக் கிளப்பி ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். பிறகு லாக் செய்து, ஒரு நிமிடம் காத்திருந்து, சீட்டை ஒருமுறை தட்டிப் பாருங்கள். புது இடம், பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரென்று தெரியாது. அன்று ராத்திரி தெருவில் நிறுத்துவதற்கு முன்னால் அது கத்துகிறதா என்று காதால் கேட்டுவிடுங்கள். கத்தாவிட்டால் முதலில் ஃபியூஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் பெட்டியில் இருக்கும் வயர் சொருகியை ஒருமுறை கழற்றி இறுக்கமாக மாட்டுங்கள், பயண ஆட்டத்தில் அதுதான் பெரும்பாலும் தளர்ந்திருக்கும்.